போக்கரில் அதிரடி ஆட்டக்காரரை எதிர்கொள்வது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசுவது நோ-லிமிட் டெக்சாஸ் ஹோல்டம் கேஷ் கேம் பற்றி. உதாரணங்களில் பிளைண்ட் (சீட்டு வருமுன் இருவர் கட்டவேண்டிய தொகை) 100/200, எல்லோர் முன்னும் 20,000 சிப், அதாவது 100 பிக் பிளைண்ட். டோர்னமெண்ட் கணக்கு வேறு. அதற்கு ஒரு கேள்வி தனியாக உண்டு. செக், கால், ரெய்ஸ், ஃபோல்டு என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்காக எழுதியது.

அதிரடி ஆட்டக்காரர் என்று யாரைச் சொல்கிறீர்கள்?

ஆறு பேர் மேசையில் ஒழுங்காக ஆடும் ஒருவர் 100 கையில் 22 முதல் 25 கைவரை ஆடுவார்; அதில் 18, 20 கையை ரெய்ஸ் போட்டு ஆடுவார். 28, 30 கை ஆடுபவர் கொஞ்சம் தாராளம், ஆனால் விஷயம் தெரிந்தவராக இருக்கலாம். 45 கைக்கு மேல் உள்ளே வந்து, 35 கையை ரெய்ஸ் போட்டு வருகிறார் என்றால் அவர்தான் நம் ஆள். மேசைகளில் இவரை 'மேனியாக்' என்பார்கள்.

இன்னொரு அளவுகோல், அவர் போடும் பெட்டையும் ரெய்ஸையும் கூட்டி, கால் செய்த எண்ணிக்கையால் வகுப்பது. 2, 3 என்றால் சாதாரணம். 5-ஐத் தாண்டினால் அவர் கால் செய்வதையே மறந்துவிட்டவர்.

தாராளமாக ஆடும் கெட்டிக்காரரையும் மேனியாக்கையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் பலரும் முதலில் சறுக்கும் இடம். கெட்டிக்காரர் நீங்கள் திருப்பி ரெய்ஸ் போட்டதும் குப்பைக் கையைத் தூக்கிப் போட்டுவிடுவார். மேனியாக் போடமாட்டார். கீழே சொல்லும் வழிகள் பெரும்பாலும் இரண்டாமவருக்கானவை.

எத்தனை கை பார்த்த பிறகு அப்படி முடிவு கட்டலாம்?

ஒரு சுற்று போதவே போதாது. 15% கைகளை மட்டும் ரெய்ஸ் போடும் இறுக்கமான ஆட்டக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். 9 கையில் அவர் மூன்று முறையோ அதற்கு மேலோ ரெய்ஸ் போட 14% வாய்ப்பு இருக்கிறது, அதாவது ஏழு சுற்றுக்கு ஒரு தடவை. பாவம், அவருக்கு நல்ல சீட்டு வந்திருக்கும்; நீங்கள் 'மேனியாக்' என்று முத்திரை குத்தி ஏஸ்-ஒன்பதை வைத்து மோதுவீர்கள்.

எண்ணிக்கையைவிட ஷோடவுனில் (கடைசியில் சீட்டைத் திறக்கும்போது) காட்டும் சீட்டு மேலானது. ஃப்ளாப் (மேசையில் பொதுவாகத் திறக்கும் முதல் மூன்று சீட்டு), டர்ன் (நான்காவது), ரிவர் (ஐந்தாவது) மூன்றிலும் பெட் போட்டுக் கடைசியில் எட்டு-ஆறு என்று ஒன்றுமில்லாத கையைக் காட்டினார் என்றால், அந்த ஒரே கை முப்பது கைக்குச் சமம். அப்போது எங்கே உட்கார்ந்திருந்தார், எவ்வளவு தொகை போட்டார் என்பதையும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

எந்த இருக்கையில் உட்கார வேண்டும்?

முடிந்தால் அவர் உங்களுக்கு உடனடி வலதுபக்கம் இருக்கட்டும். அவர் ஆடிய பிறகு உங்கள் முறை வரும். ஒன்பது பேர் மேசையில் ஃப்ளாப்புக்குப் பிறகு 9 கையில் 8 கையில் அவரைப் பார்த்துவிட்டு நீங்கள் ஆடலாம். அவர் பட்டனிலும் (ஃப்ளாப்புக்குப் பிறகு கடைசியாக ஆடும் இடம்) நீங்கள் ஸ்மால் பிளைண்டிலும் இருக்கும் அந்த ஒரு கையில் மட்டும் முறை மாறும்.

இதனால் என்ன லாபம் என்றால், அவர் ரெய்ஸ் போட்டதும் நீங்கள் 3-பெட் (அவர் ரெய்ஸின்மேல் இன்னொரு ரெய்ஸ்) போட்டு மற்ற எல்லோரையும் வெளியே தள்ளிவிட்டு அவரோடு தனியாக ஆடலாம். அவருடைய பலவீனமான கைகளின் பணம் உங்களுக்கு மட்டும் கிடைக்கும்.

இடம் மாற வழியில்லை, அவர் இடதுபக்கம்தான் என்றால் ஆட்டத்தைக் கொஞ்சம் திருப்பிப் போடவேண்டும். வழக்கமாக ரெய்ஸ் போடும் பெரிய கைகளில் சிலவற்றை வெறும் 200 கட்டி லிம்ப் செய்யுங்கள். நீங்கள் 200 கட்டுகிறீர்கள், அவர் 1,000 ஆக்குகிறார், இருவர் கால் செய்கிறார்கள், பிளைண்ட் இருவரும் போய்விட்டார்கள். பாட்டில், அதாவது நடுவில் குவியும் பணத்தில், 3,500 சேர்ந்திருக்கிறது. இப்போது கிங்-கிங்கை வைத்து 5,500 போடலாம். நடுவில் இருவர் பணம் கட்டியதை எல்லாம் பார்த்த பிறகே உங்கள் முடிவு வருகிறது என்பது இந்த இருக்கையின் ஒரே நன்மை. ஆனால் லிம்ப் செய்யும் கைகளெல்லாம் ஏஸ்-ஏஸ், கிங்-கிங் என்று இருந்தால் மேனியாக்குக்குத் தெரியாவிட்டாலும் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும்.

ஃப்ளாப்புக்கு முன் எந்தக் கைகளை அதிகம் ஆடவேண்டும், எவற்றைக் குறைக்க வேண்டும்?

ஒரே ஜோடியில் ஷோடவுன் வெல்லக்கூடிய கைகளின் மதிப்பு ஏறும். ஏஸ்-ஜாக், ஏஸ்-பத்து, கிங்-குயின், எட்டு-எட்டுக்கு மேல் உள்ள ஜோடிகள் எல்லாம் இந்த வகை. எந்தச் சீட்டை வேண்டுமானாலும் ஆடுகிறவருக்கு எதிரே எட்டு-எட்டு ஏறத்தாழ 69% வெல்லும், சூட் ஒன்றாக இல்லாத ஏஸ்-ஜாக் 63%-க்கு மேல், கிங்-குயின் 61% அளவில். இறுக்கமானவர் ரெய்ஸ் போட்டால் நாம் தூக்கிப் போடும் கைகள் இவை; இவருக்கு எதிரே 3-பெட் போடும் கைகள்.

மதிப்பு இறங்குபவை ஐந்து-நான்கு மாதிரி ஒரே சூட்டில் வரும் சின்னச் சீட்டுகளும், இரண்டு-இரண்டு முதல் நான்கு-நான்கு வரையான ஜோடிகளும். இவை மலிவாக ஃப்ளாப் பார்த்து, எப்போதாவது பெரிய கை அமைந்தால் மொத்தமாக அள்ளும் கைகள். மேனியாக் மேசையில் ஃப்ளாப் மலிவாகக் கிடைக்காது. ஜோடி ஃப்ளாப்பில் செட்டாக (ஒரே எண்ணில் மூன்று சீட்டு) மாறுவது 8.5 தடவையில் ஒன்று, 11.8%. மீதி 88% தடவையும் அவர் பெட் போடுவார், நீங்கள் ஃபோல்டு செய்துவிட்டுப் போவீர்கள். அவர் 1,200 ஆக்கி, உங்களிடம் 20,000 இருந்தால் ஸ்டாக் (உங்கள் மொத்தச் சிப்) அதைப்போல் 16 மடங்குக்கு மேல், கால் செய்யலாம். 2,000 ஆக்கினால் வேண்டாம்.

3-பெட் எவ்வளவு போடவேண்டும்?

அவருக்குப் பின்னால் ஆடும் இடத்தில் இருந்தால் அவர் போட்டதைப்போல் மூன்று மடங்கு. முன்னால் ஆடும் இடம் என்றால் நான்கு மடங்கு. 800 போட்டால் 2,400 அல்லது 3,200. நீங்கள் எவ்வளவு போட்டாலும் அவர் கால் செய்கிறவர் என்றால் இன்னும் கொஞ்சம் ஏற்றலாம், ஏனென்றால் உங்கள் கை மேலானது. பிளஃப் (பலவீனமான கையோடு மிரட்டும்) 3-பெட்டை மட்டும் இவரிடம் தவிர்த்துவிடுங்கள். ஏஸ்-ஐந்து ஒரே சூட் என்பது மற்றவர்களிடம் நல்ல பிளஃப் கை. இவரிடம் கால் செய்ய மட்டும்தான்.

3-பெட் போட்டேன், ஃப்ளாப்பில் ஒன்றும் அமையவில்லை. தொடர்ந்து பெட் போடவேண்டுமா?

ஜோடி இல்லாத இரு சீட்டு மூன்று தடவையில் இரண்டு தடவை ஃப்ளாப்பைத் தவறவிடும். எனவே இது தினப்படிக் கேள்விதான். பாட்டில் 5,100 இருந்தால் 1,700 பெட் நான்கில் ஒரு தடவை அவரை விரட்டினாலே முதல் திரும்பிவிடும். கிங்-ஏழு-இரண்டு மாதிரிக் காய்ந்த ஃப்ளாப்பில் ஏஸ்-குயினோடு இதைப் போடலாம்.

ஒன்பது-எட்டு-ஆறு மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிய சீட்டு விழுந்தால் செக். ஏனென்றால் இவர் ஒரு கட்-ஷாட்டை (நடுவில் ஒரு சீட்டு குறையும் ஸ்ட்ரெய்ட் டிரா) வைத்துக்கொண்டு செக்-ரெய்ஸ் போடுவார், நீங்கள் ஜெயிக்கும் ஏஸ்-கிங்கை ஃபோல்டு செய்துவிட்டு எழுந்து வருவீர்கள். செக் செய்துவிட்டு டர்னில் அவர் போடும் முதல் பெட்டை ஏஸ்-கிங்கோடு ஒரு தடவை கால் செய்வது இந்த ஆட்டக்காரரிடம் தப்பே இல்லை. ரிவரிலும் அதையே செய்வது பெரும்பாலும் தப்பு.

டாப் பேர் (மேசையின் பெரிய சீட்டோடு ஜோடி) இருக்கிறது, அவர் ஃப்ளாப், டர்ன், ரிவர் என்று மூன்று தெருவிலும் அடிக்கிறார். எப்போது வரை கால் செய்வது?

மேனியாக்கிடமிருந்து வரும் பணத்தில் பெரும்பகுதி இந்தச் சூழலில்தான் கைமாறுகிறது. அதனால் ஒரு கையை முழுதாகப் பார்ப்போம்.

அவர் கட்-ஆஃபில் (பட்டனுக்கு முந்திய இடம்) 800 போடுகிறார். நீங்கள் பட்டனில் ஸ்பேட் ஏஸ், டைமண்ட் ஜாக்கோடு 2,400 ஆக்குகிறீர்கள். பிளைண்ட் இருவரும் ஃபோல்டு, அவர் கால். பாட் 5,100.

ஃப்ளாப்: கிளாவர் ஜாக், ஹார்ட் ஏழு, ஹார்ட் நான்கு. அவர் முந்திக்கொண்டு 2,500 பெட் போடுகிறார். கால். பாட் 10,100, இருவரிடமும் மீதி 15,100.

டர்ன்: கிளாவர் இரண்டு. அவர் 6,000. கால். பாட் 22,100, மீதி 9,100.

ரிவர்: டைமண்ட் இரண்டு. அவர் மீதி 9,100-ஐயும் தள்ளி ஆல்-இன்.

9,100 கட்டி 31,200 வெல்லப் பார்க்கிறீர்கள். 9,100-ஐ 40,300-ஆல் வகுத்தால் 22.6%. நூற்றுக்கு 23 தடவை நீங்கள் ஜெயித்தால் போதும்.

இப்போது அவர் கையில் என்னென்ன இருக்கலாம் என்று சீட்டுச் சேர்க்கைகளை எண்ணுங்கள். உங்களைத் தோற்கடிப்பவை: ஜாக்-ஜாக் 1 (ஒரு ஜாக் மேசையில், ஒன்று உங்களிடம்), ஏழு-ஏழு 3, நான்கு-நான்கு 3, இரண்டு-இரண்டு 1. சூட் பாராமல் ஆடுகிறவர் என்பதால் ஜாக்-ஏழு 6, ஏஸ்-இரண்டு 6 என்றும் சேர்த்துக்கொள்வோம். ஏஸ்-ஏஸும் கிங்-கிங்கும் இருந்திருந்தால் ஃப்ளாப்புக்கு முன்பே 4-பெட் (3-பெட்டுக்கும் மேல் ரெய்ஸ்) போட்டிருப்பார். இருந்தாலும் பாதுகாப்புக்குக் குயின்-குயின் 6. மொத்தம் 26.

ஏழு-நான்கைச் சேர்க்கவில்லையே என்று கேட்கலாம். ஃப்ளாப்பில் அது உங்களைவிட மேலே இருந்தது. ரிவரில் இரண்டாவது 'இரண்டு' விழுந்ததும் உங்கள் கை ஜாக் ஜோடியும் 'இரண்டு' சீட்டு ஜோடியும் என்று ஆகிவிட்டது. அவருடைய ஏழு ஜோடி, நான்கு ஜோடி கீழே போய்விட்டது. இந்த மாதிரிச் சீட்டு ரிவரில் வந்தால் உடனே கவனியுங்கள், அவர் பல நேரம் கவனிப்பதில்லை.

நீங்கள் ஜெயிப்பவை: தவறிப்போன ஹார்ட் ஃப்ளஷ் டிராக்கள் (ஐந்தாவது ஹார்ட்டுக்குக் காத்திருந்த கைகள்). ஏஸோடு கிங், குயின், பத்து, ஒன்பது, எட்டு என ஐந்து. கிங்கோடு குயின், பத்து, ஒன்பது என மூன்று. குயின்-பத்து, குயின்-ஒன்பது, பத்து-ஒன்பது, பத்து-எட்டு, ஒன்பது-எட்டு, எட்டு-ஆறு, ஆறு-ஐந்து. மொத்தம் 15. இதை மட்டும் வைத்தே 41-க்கு 15, அதாவது 36%-க்கு மேல். ஜெயிக்கும் கை என்று நினைத்துக்கொண்டு அவர் தள்ளக்கூடிய கிங்-ஜாக் 8, குயின்-ஜாக் 8 இன்னும் கணக்கில் வரவில்லை. யோசிக்காமல் கால்.

இதே கையை இறுக்கமான ஒருவர் இதே தொகைகளில் ஆடினால்? 15 டிராவில் அவர் ரிவரில் தள்ளுவது இரண்டோ மூன்றோதான் இருக்கும். கிங்-ஜாக்கைச் செக் செய்துவிடுவார். அப்போது ஃபோல்டு. சீட்டு அதே, பாட் அதே, ஆள் வேறு.

பெட் அளவுக்குத் தகுந்த சதவீதத்தை மேசையில் உட்கார்ந்து எப்படிக் கணக்குப் போடுவது?

மனப்பாடம் செய்துகொள்வதுதான் சுலபம். பாட்டில் பாதி போட்டால் 25% தேவை. மூன்றில் இரண்டு பங்கு என்றால் 29%. முக்கால் பாட் 30%. முழுப் பாட் 33%. பாட்டைப்போல் இரண்டு மடங்கு போட்டால் 40%. இரண்டு மடங்குக்குக் கூட 50% தேவையில்லை என்பதுதான் பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். பெரிய தொகையைக் கண்டு மிரள்பவர்கள் இந்த ஒரு வரியை நினைவில் வைத்தாலே போதும்.

கையில் இருக்கும் சீட்டின் சூட் இந்த முடிவை மாற்றுமா?

மாற்றும். மேலே சொன்ன கையில் உங்கள் ஏஸ் ஸ்பேடாக இல்லாமல் ஹார்ட்டாக இருந்திருந்தால் அவருடைய 15 ஃப்ளஷ் டிராவில் ஐந்து காணாமல் போயிருக்கும், ஏனென்றால் அந்த ஏஸ் உங்களிடம் இருக்கிறது. 36-க்கு 10, சுமார் 28%. அப்போதும் கால்தான், ஆனால் இடைவெளி சுருங்கிவிட்டது. பிளஃபைப் பிடிக்கக் கால் செய்யும்போது, தவறிப்போன டிராவின் சீட்டு உங்கள் கையில் இல்லாமல் இருப்பதே நல்லது.

டாப் பேரை வைத்து ஃப்ளாப்பிலேயே ரெய்ஸ் போட்டு அவரை அடக்கினால் என்ன?

அடக்கினால் அவர் பிளஃப் நிற்கும். அது உங்கள் வருமானம் நிற்பது. ஃப்ளாப்பில் ரெய்ஸ் போட்டால் எட்டு-ஆறும் கிங்-ஒன்பதும் போய்விடும். செட்டும் இரண்டு ஜோடியும் மட்டும் நிற்கும்.

இரண்டு விதிவிலக்கு. ரெய்ஸுக்கும் டிராவோடும் நடு ஜோடியோடும் கண்ணை மூடிக் கால் செய்கிறவர் என்றால், டிரா நிறைந்த ஃப்ளாப்பில் ரெய்ஸ் போடுங்கள்; ஃப்ளஷ் டிராவுக்கு இரண்டு சீட்டில் 35%, இருபுறமும் திறந்த ஸ்ட்ரெய்ட் டிராவுக்கு 31% அளவில் வாய்ப்பு இருக்கிறது, அதற்கு அவர் விலை கொடுக்கட்டும். இரண்டாவது, ஃப்ளாப்பில் மட்டும் அடித்துவிட்டு டர்னில் அடங்கிப்போகிறவர். அவரிடம் கால் செய்துவிட்டுக் காத்திருந்தால் பின்னால் எதுவும் வராது.

செட் மாதிரிப் பெரிய கை அமைந்தால்?

நீங்கள் பிக் பிளைண்டில் எட்டு-எட்டு. அவர் பட்டனில் 800, நீங்கள் கால், பாட் 1,700. ஃப்ளாப் கிங்-எட்டு-மூன்று, மூன்றும் வேறு சூட். செக், அவர் 1,200, கால். பாட் 4,100. டர்ன் ஐந்து, செக், அவர் 3,000.

மூன்று தெருவிலும் அடிக்கிறவர் என்றால் இங்கேயும் கால். பாட் 10,100, உங்களிடம் மீதி 15,000. ரிவரில் செக் செய்து, அவர் 7,000 போட்டால் ஆல்-இன் தள்ளுங்கள். அவர் இன்னும் 8,000 கட்டினால் போதும், முன்னால் 32,100 இருக்கிறது; 20% தேவை. கிங் ஜோடி இருந்தால் இவர் இதை ஃபோல்டு செய்யவேமாட்டார்.

டர்னில் நிறுத்திக்கொள்ளும் பழக்கம் உள்ளவர் என்றால் 3,000-க்கு மேல் 8,500 ஆக்குங்கள். கால் செய்தால் பாட் 21,100, மீதி 9,500. ரிவரில் பாட்டில் பாதிக்கும் குறைவான தொகைதான் தள்ளவேண்டியிருக்கும். செட்டை வைத்துக்கொண்டு மூன்று தெருவும் கால் மட்டும் செய்து முடிப்பது, பலரும் பத்திரமான ஆட்டம் என்று நினைக்கும் வீண் செலவு.

அவரைப் பிளஃப் செய்யலாமா?

ரிவரில் வேண்டாம். பாட் அளவு பிளஃப் போட்டால் இரண்டில் ஒரு தடவை அவர் போகவேண்டும். இவர் அவ்வளவு போகமாட்டார். ஃப்ளாப்பில் டிரா இருக்கும்போது செக்-ரெய்ஸ் பரவாயில்லை. 1,700 பாட்டில் அவர் 1,200 போட, நீங்கள் 3,800 ஆக்கினால், ஒன்றுமில்லாத கைக்கு 57% ஃபோல்டு தேவை. ஃப்ளஷ் டிரா இருந்தால் அதைவிடக் கணிசமாகக் குறைவாகவே போதும், கால் செய்தாலும் உங்களுக்கு வழி இருக்கிறது.

ஃப்ளாப்புக்கு முன் நீங்கள் 500 போட, அவர் ஓயாமல் 1,800 என்று 3-பெட் போட்டுக்கொண்டே இருந்தால் 4,200-க்கு 4-பெட் பற்றி யோசிக்கலாம். 3,700 கூடுதலாக வைத்து 2,600 வெல்லப் பார்க்கிறீர்கள். அவர் 59% தடவை போகவேண்டும். அவர் 4-பெட்டுக்கும் கால் செய்கிறவர் என்று ஒருமுறை பார்த்துவிட்டால் இந்தக் கதையை அதோடு விட்டுவிடுங்கள்.

ஏஸ்-ஏஸ் வரும்வரை காத்திருந்தால் போதாதா?

ஏஸ்-ஏஸ் 221 கைக்கு ஒருமுறை. நேரடி மேசையில் மணிக்கு 30 கை ஓடினால் ஏழு மணி நேரத்துக்கு மேல். அதற்குள் அவர் தன் பணத்தை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டுக் கிளம்பியிருப்பார்.

எப்போது அவர் உண்மையிலேயே கை வைத்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்?

அவர் வழக்கத்தை மாற்றும்போது. எப்போதும் முக்கால் பாட் அடிப்பவர் திடீரென்று கால்வாசி போட்டால், சளசளவென்று பேசுகிறவர் சீட்டைப் பார்த்ததும் வாயை மூடினால், ஃப்ளாப்பிலும் டர்னிலும் கால் மட்டும் செய்துவிட்டு ரிவரில் ரெய்ஸ் போட்டால். கடைசியாகச் சொன்னது மூன்றிலும் நம்பகமானது.

பாட்டில் மூன்றாவது ஆள் இருந்தால் கணக்கே வேறு. அவர் பெட், நடுவில் இறுக்கமான ஒருவர் ரெய்ஸ், உங்களிடம் டாப் பேர் என்றால், நீங்கள் ஆடுவது மேனியாக்கோடு அல்ல, அந்த இறுக்கமானவரோடு. ஃபோல்டு. இந்த மேசைகளில் அதிகம் பணம் போவது மேனியாக்கிடம் அல்ல, அவர்மேல் கண்ணாக இருக்கும்போது பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்திருப்பவரிடம்.

எவ்வளவு பணத்தோடு உட்கார வேண்டும்?

ஏற்ற இறக்கம் இங்கே அதிகம். 65% சாதகத்தோடு ஆல்-இன் போனாலும் அடுத்தடுத்து இரண்டு முறை தோற்க 12% வாய்ப்பு உண்டு. மூன்று முறை தோற்க 4%. நான்கு பை-இன் (உட்காரும்போது வாங்கும் சிப்) போனாலும் கை நடுங்காது என்றால் 100 பிக் பிளைண்டோடு உட்காருங்கள். இல்லையென்றால் 40, 50 பிக் பிளைண்டோடு ஆடலாம். ரிவரில் வரும் கஷ்டமான முடிவுகள் பாதி டர்னிலேயே தீர்ந்துவிடும். ஆனால் சம்பாதிப்பதும் அதற்குத் தகுந்த அளவுதான்.

ஸ்ட்ராடில் (சீட்டு வருமுன் தானாகவே இரட்டைப் பிளைண்ட் கட்டுவது) போடும் பழக்கம் இவர்களுக்கு உண்டு. 400 ஸ்ட்ராடில் வந்துவிட்டால் உங்கள் 20,000 இப்போது 100 பிளைண்ட் அல்ல, 50. அவர் 1,600 போட, நீங்கள் 4,800 ஆக்கினால் ஸ்டாக்கில் கால்வாசி ஃப்ளாப்புக்கு முன்பே போய்விட்டது. சின்ன ஜோடிகளை இந்தக் கைகளில் பார்க்கவே வேண்டாம்.

அவர் மோசமான கையால் என்னை ஜெயித்துவிட்டுச் சிரிக்கிறார். என்ன செய்வது?

ஒன்றும் சொல்லாதீர்கள். 'ஒன்பது-நான்கை வைத்துக்கொண்டு யாராவது கால் செய்வார்களா' என்று பாடம் எடுத்தால் அவர் திருந்தக்கூடும். மேசையில் எவருக்கும் அது நல்லதல்ல. உங்களுக்கு ரத்தம் கொதித்தால் ஒரு சுற்று எழுந்து போய்த் தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். பிளைண்டுகள் சேர்த்து 300-தான் செலவு.

டோர்னமெண்டில் இதெல்லாம் பொருந்துமா?

ஸ்டாக் சின்னதாக இருப்பதால் கால் செய்துகொண்டே போகும் வித்தை குறைவு, ஃப்ளாப்புக்கு முன்பே ஆல்-இன் தள்ளுவது அதிகம். பிக் பிளைண்டில் உங்களிடம் 15 பிளைண்ட். பட்டனில் அவர் பாதிக் கைகளை 2.2 போட்டுத் திறக்கிறார். 1 பிளைண்ட் ஆன்ட்டியும் (பிளைண்டோடு கூடுதலாகக் கட்டும் தொகை) சேர்த்துப் பாட்டில் 4.7. நீங்கள் தள்ளினால் அவர் மேல் 20% கைகளோடு மட்டும் கால் செய்வார் என்று வைத்துக்கொள்வோம். 60% தடவை போய்விடுவார். கால் செய்யும்போது நீங்கள் 35% மட்டுமே ஜெயித்தாலும் ஒவ்வொரு தடவையும் சராசரியாக 1.6 பிளைண்ட் லாபம்.

பரிசுத் தொகைக்கு ஒரு இடம் முன்னால் நிற்கும்போது இந்தக் கணக்கு சிப்பில் சரி, பணத்தில் சரியில்லை. அப்போது வெளியேறினால் வரும் நஷ்டம், சிப் இரட்டிப்பாவதால் வரும் லாபத்தைவிடப் பெரிது. அவர் தள்ளியதைக் கால் செய்ய வழக்கத்தைவிட நல்ல கை வேண்டும். நீங்களே முதலில் தள்ளுவதில் அவ்வளவு கட்டுப்பாடு தேவையில்லை.

அதிரடியாக ஆடிப் பெரிய அளவில் ஜெயித்தவர்களே இல்லையா?

இருக்கிறார்கள். ஸ்வீடனின் விக்டர் ப்ளோம் 'இசில்டர்1' என்ற பெயரில் 2009 இறுதியில் இணைய மேசைகளில் உலகின் முன்னணி ஆட்டக்காரர்களைத் திணறடித்தார். அந்த நவம்பரில் பாட்ரிக் அன்டோனியஸுடன் ஆடிய ஓமஹா (கையில் நான்கு சீட்டு வரும் போக்கர் வகை) கை ஒன்றில் பாட் 13.5 லட்சம் டாலரைத் தாண்டியது. அதில் ப்ளோம் தோற்றார். டிசம்பரில் பிரையன் ஹேஸ்டிங்ஸ் ஒரே அமர்வில் அவரிடமிருந்து 40 லட்சம் டாலருக்கு மேல் ஜெயித்தார். ப்ளோம் ஆடிய கைகளை நண்பர்களோடு சேர்ந்து ஆராய்ந்திருந்தது பின்னால் பெரிய சர்ச்சையானது. உங்கள் மேசையில் இருக்கும் மேனியாக் அந்த ரகமா என்று தெரிய ஒரு வழி: திருப்பி ரெய்ஸ் போட்டதும் அவர் எவ்வளவு நேரத்தில், எந்தக் கையை ஃபோல்டு செய்கிறார் என்று பாருங்கள்.

இந்தியாவில் பணம் வைத்து ஆடலாமா?

இணையத்தில் கூடாது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் திறமை ஆட்டம் என்று சொல்லி, தமிழ்நாட்டுச் சட்டத்தின் தடை அவற்றுக்குப் பொருந்தாது என்றது. ஆனால் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற பேதமில்லாமல் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்கிறது. கோவாவின் உரிமம் பெற்ற கேசினோக்களில் நேரடி மேசைகள் உண்டு. பணமில்லாத சிப்பில் பயிற்சி எடுக்கலாம். மேனியாக்குகள் அங்கே தாராளமாகக் கிடைப்பார்கள், ஆனால் இழக்க ஒன்றுமில்லாததால் எவரும் ஃபோல்டு செய்வதில்லை. மேலே சொன்ன 4-பெட் பிளஃபை அங்கே சோதித்துப் பார்த்துப் பயனில்லை.

அவர் எழுந்து போய்விட்டால் எப்படி ஆடுவது?

அடுத்த கையிலிருந்தே பழைய ஆட்டத்துக்குத் திரும்புங்கள். ஏஸ்-பத்தை வைத்து 3-பெட் போடுவதையும் ரிவர்வரை டாப் பேரோடு கால் செய்வதையும் இரண்டு மணி நேரம் செய்த கை, அவர் போன பிறகும் அதையே செய்யப் பார்க்கும். மீதி இருப்பவர்கள் அவர் இருந்தவரை இறுக்கிப் பிடித்து ஆடியவர்கள். போன பிறகும் அரை மணி நேரமாவது அப்படித்தான் ஆடுவார்கள். ஆகவே பட்டனிலிருந்து திறக்கும் கைகளைக் கூட்டுங்கள், அவர்கள் 3-பெட் போட்டால் ஃபோல்டு செய்துவிடுங்கள். காலியான இருக்கை உங்கள் வலதுபக்கம் என்றால், புதிதாக வருகிறவர் எத்தனை சிப்போடு உட்காருகிறார் என்று முதலில் பார்த்துவிடுங்கள்.